தொட்டிலில் இருந்த கல்

கச்சிராயபாளையம்,
மார்கழி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி மலர்விழி எழுதுவது. நானும் பாப்பாவும் உங்கள் அம்மா அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். அங்கே குளிர் ஜாஸ்தி என்று தமிழழகன் சொன்னார். போர்வெல் போடும் வண்டி மேலேயே படுத்துத் தூங்காமல், கீழே இறங்கி ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு படுங்கள்.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். போனில் பேச முடியாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன். நம் வீட்டில் இருப்பது ஒரே போன். உங்கள் அப்பாவுக்குக் காது மந்தம் என்று அதையும் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார்கள். உங்கள் பக்கமும் அதே கதைதான், பின்னால் நாலு பேர் சிரிப்பது கேட்கிறது. சாப்டாச்சா, அங்க மழையா, பாப்பா இன்னா பண்ணுது. கல்யாணமானதிலிருந்து போனில் நாம் பேசியது இவ்வளவுதான். தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஊருக்கு வந்திருந்த தமிழழகன் நாளைக்கு உங்கள் வண்டிக்கே திரும்புகிறார். முறுக்கு டின்னோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

ஐப்பசியில் நடந்ததை உங்களுக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. கரு வயிற்றில் நிற்கவில்லை, இப்போது சரியாகிவிட்டது என்று உங்கள் அம்மா சொன்னார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்றேன். அன்றைக்கு நான் கரும்பு நடவுக்கு விதைக் கரணைக் கட்டு சுமந்துகொண்டிருந்தேன். வரப்பில் நடக்கும்போதே கால் வழியாக ரத்தம் இறங்கிவிட்டது. கூட வேலை செய்த பூமாலை அக்கா தன் துண்டையும் என் துண்டையும் சேர்த்துக் கட்டியும் நிற்கவில்லை. 108 வண்டியில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் ஏற்றினார்கள். கண் விழித்தபோது உங்கள் அம்மா என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாப்பா ஆபரேஷனில் பிறந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி ஆனதால், இரண்டு மூன்று வருஷத்துக்குக் கர்ப்பமே கூடாது, இன்னொரு தடவை இப்படி ரத்தம் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னார்கள். உங்கள் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். ஆனால் அவர்கள் மனதில் ஏறியது வேறு. பேரன் வந்து திரும்பிப் போய்விட்டான், அம்மனிடம் குறை வைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்கள். கார்த்திகையில் என்னை மலையடிவாரத்து அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். என் கல்யாணப் புடவைத் தலைப்பில் ஒரு துண்டு கிழித்து, கோமுகி ஆற்றில் பொறுக்கிய கல்லை அதில் வைத்து, மரத்தில் தொட்டில் கட்டவைத்தார்கள். என் கையாலேயே ஆட்டவும் வைத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஒரு மாதமும் என் துணியைத் துவைத்தது அவர்கள்தான்.

இப்போது எழுதப்போவதைப் படித்துக் கோபப்படக் கூடாது. பொங்கலுக்கு வருகிறேன் என்று நீங்கள் சொன்ன அன்றைக்கு உங்கள் அப்பா தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். எப்போதும் நீங்கள் வரும் நாளில் பாப்பாவுக்குப் பொட்டு வைத்துத் தூக்கிக்கொண்டு, உளுந்தூர்பேட்டை தாண்டிவிட்டீர்களா, கள்ளக்குறிச்சி வந்துவிட்டீர்களா என்று கணக்குப் போட்டபடி பஸ் ஸ்டாண்டில் நிற்பவள் நான். இந்தத் தடவை நீங்கள் வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன் மாமா. உங்களைப் பிடிக்காமல் இல்லை. நீங்கள் வந்தால் நான் செத்துப்போவேனோ என்ற பயம். கட்டின புருஷனை நினைத்து ஒருத்திக்கு இப்படிப் பயம் வரலாமா என்று அழுதேன்.

நம் ஊருக்கு வரும் நர்ஸ் மணிமொழி அக்காவிடம்தான் சொன்னேன். கரு தங்காமல் இருக்கக் காப்பர் டி போட்டுக்கொள் என்றார்கள். வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடவேண்டுமா என்று கேட்டேன். உன் உடம்பு, நீ சம்மதித்தால் போதும் என்றார்கள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நீங்கள் வந்துதான் ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தால் அதையே சாக்காக வைத்துத் தள்ளிப்போட்டிருப்பேன்.

பூமாலை அக்கா வேறு வயிற்றில் புளியைக் கரைத்தார்கள். அது மேலே ஏறி நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுமாம். கரும்புக் கட்டுத் தூக்கினால் நழுவிவிடுமாம். உள்ளேயே துருப்பிடிக்குமாம். புருஷனுக்குக் குத்துமாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, நேற்று எனக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கும் அவர்களே வந்தார்கள். பாப்பாவுக்குத் தடுப்பூசி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனோம். ரத்தமெல்லாம் பரிசோதித்துவிட்டு, போடலாம் என்றார்கள். மேஜையில் படுத்தேன். கூரையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அதைப் பார்த்ததும் அந்தத் தொட்டில் ஆடுவதுபோல இருந்தது. அங்கே குழந்தை கொடு என்று கட்டிவிட்டு, இங்கே வேண்டாம் என்று படுத்திருக்கிறேனே, அம்மன் இதை என்னவென்று எடுத்துக்கொள்வாள்? ஐப்பசியில் போனதே, அதைப்போல பாப்பாவையும் எடுத்துக்கொண்டால்? குழந்தை அழுகிறது என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிவந்துவிட்டேன். வெளியே பாப்பா பூமாலை அக்காவின் மடியில் பிஸ்கட் தின்று சிரித்துக்கொண்டிருந்தது.

என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தோடு நிறுத்துகிறேன், பாப்பா எழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை

தமிழழகன் அம்மாவுக்குக் கண்ணில் நீர் வடிவது நிற்கவில்லை என்று பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். கடிதம் என்னிடமே இருந்தது. நல்லவேளை, மீதியையும் எழுத முடிகிறது.

புதன்கிழமை காலையில் வெள்ளிமலை பஸ் ஏறி அந்தக் கோயில் நிறுத்தத்தில் இறங்கினேன். அம்மனுக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போவதாக வீட்டில் சொன்னேன், வைக்கவும் செய்தேன். மரத்தில் எத்தனை தொட்டில் என்கிறீர்கள்! என் அரக்குப் புடவைத் துண்டு வெயிலில் வெளுத்திருந்தது, இருந்தாலும் கண்டுபிடித்துவிட்டேன். அவிழ்த்துவிடலாம் என்றுதான் போனேன். கை வரவில்லை. எனக்கும் இன்னொரு பிள்ளை வேண்டும் மாமா, வேண்டாம் என்று யார் சொன்னது? அதைப் பெற்று வளர்க்க நான் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதனால் தொட்டிலை அப்படியே விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். தாயே, தொட்டில் உன்னிடமே இருக்கட்டும், உடம்பு தேறியதும் நானே கல்லைக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும்.

நேற்று போய்ப் போட்டுக்கொண்டேன். கல் என் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. மணிமொழி அக்கா முதலில் காப்பர் டியை என் கையில் கொடுத்துக் காட்டினார்கள். உங்கள் வண்டியில் மாட்டும் இரும்புபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன், என் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று இருந்தது. அது நெஞ்சுக்கெல்லாம் ஏறாது, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், வலி பொறுக்க முடியாமல் போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வா என்றார்கள். போடும்போது வலித்தது. பூமாலை அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், வளையல் ஒன்று உடைந்துவிட்டது. இப்போது அடிவயிற்றில் மாதவிடாய் வலிபோல இருக்கிறது, கொஞ்சம் உதிரமும் படுகிறது. அது சகஜம்தானாம். பூமாலை அக்கா காலையில் வந்து, நெஞ்சில் ஏதாவது ஏறினாற்போல இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பொங்கலுக்கு முன்பு உங்கள் அம்மா திரும்பவும் அந்தக் கோயிலுக்குப் போவார்கள். வெறும் தொட்டிலைப் பார்ப்பார்கள். என்னைக் கேட்பார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது, தடுப்பூசி, குழந்தை அழுகிறது என்பவற்றைத் தவிர.

முறுக்கு டின்னின் அடியில், என் புடவையில் கிழித்த இன்னொரு துணியில் முடிந்து அந்தக் கல்லை வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்திருங்கள். வரும்போது கொண்டுவாருங்கள். உடம்பு தேறி, நாம் இரண்டு பேரும் வேண்டும் என்று நினைக்கிற அன்றைக்கு, நாம் இரண்டு பேருமே போய் அதைத் தொட்டிலில் வைப்போம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் போடுங்கள். ஸ்பீக்கரிலேயே பேசுங்கள். உங்கள் அப்பாவுக்கும் கேட்கும்படி சத்தமாக, மலரு செய்தது எனக்குத் தெரியும், கல்லு என்கிட்டதான் இருக்கு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் உங்கள் அம்மா ஏற்றுக்கொள்வார்கள். சொல்லாமல் போனாலும் நான் காப்பர் டியை எடுக்கமாட்டேன். திட்டு வாங்கிக்கொண்டு, பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டு, வீட்டோடு இருப்பேன்.

சொல்லிவிட்டீர்களானால், பாப்பாவுக்குப் பொட்டு வைத்து, பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் அந்த அம்மன் துணையிருக்கட்டும்.

உங்கள் வரவை மறுபடியும் ஆசையாக எதிர்பார்க்க விரும்பும்,
மலர்விழி