லூபெக்கை ஏன் வெட்டினாய்?

ஜூனி, ஆஸ்திரேலியா,
ஜூலை 14.

அன்புள்ள மகள் கெரினுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் நலம்தான் என்று தெரியும். எவ்வளவு நலம் என்பது போன புதன்கிழமைதான் தெரிந்தது. போனில் பேசினால் கத்திவிடுவேன், கத்தினால் அழுதுவிடுவேன். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நான்கு நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்பா சொன்னது பொய். இந்த வீட்டில் எல்லோரும் பொய் சொல்ல நன்றாகவே பழகிக்கொண்டுவிட்டார்கள்.

புதன்கிழமை இரண்டு ரயில் பாஸ்களின் படத்தையும் அனுப்பி, "ரெண்டும் ரெடிம்மா, இனி பெட்டி கட்ட வேண்டியதுதான்" என்று எழுதியிருந்தாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். என்னுடையது யூரெயில், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கானது. உன்னுடையது இன்டர்ரெயில், ஐரோப்பாவிலேயே குடியிருக்கிறவர்களுக்கானது. வசிக்கும் நாடு என்ற இடத்தில் எனக்கு ஆஸ்திரேலியா, உனக்கு ஜெர்மனி.

ஆகஸ்டு கடைசியோடு ஆஸ்பத்திரி வேலை முடிகிறது, வீட்டைக் காலி செய்கிறேன், நகராட்சிப் பதிவிலிருந்தும் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று யார் சொன்னது? நீதானே? அப்படியானால் நாம் ஊர் சுற்றப்போகும் செப்டம்பரில் நீயும் என்னைப்போல வெளியாள். உனக்கும் யூரெயில்தான் வாங்க வேண்டும் என்று மார்ச்சிலேயே சொன்னேன். "சரிம்மா சரிம்மா" என்றாய். அந்தச் சரிம்மாவை நம்பியது என் தப்பு.

முப்பத்தொரு வருஷம் இந்த ஊர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவள் நான். ஆட்டு ரோமம் கத்தரிக்க வருகிற தடியன்கள், "எனக்கு இன்னும் பதினாறு ஆகலீங்க" என்று தாடியைத் தடவிக்கொண்டே அரை டிக்கெட் கேட்பார்கள். அவர்களையே திருப்பி அனுப்பியவள். வேறு யாருடைய அம்மாவாக இருந்தாலும் படத்தைப் பார்த்து இதயம் ஒன்று போட்டு அனுப்பியிருப்பாள். உனக்கு வாய்த்தவள் நான். அது உன் துரதிர்ஷ்டம்.

முதலில் ஏதோ கைத்தவறு என்றுதான் நினைத்தேன். பிறகு என் நோட்டை எடுத்துவந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இங்கே குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அந்த நோட்டோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் ஏழு பயண நாள். நீ இருக்கும் லைப்சிக்கிலிருந்து லூபெக் போக ஒன்று, திரும்ப ஒன்று. பிறகு பிராக், வியன்னா, வெனிஸ், மிலான். ஏழாவது நாள் சூரிக், அங்கிருந்து நாம் இரண்டு பேரும் விமானம் ஏறி வீட்டுக்கு. மிலான் வண்டிக்குப் பாஸ் இருந்தாலும் இடத்துக்குத் தனியாகப் பதிய வேண்டும் என்பதுவரை சிவப்பு மையில் குறித்துவைத்திருக்கிறேன்.

இதில் நீ என்ன செய்தாய்? மே மாதம், "லூபெக்க விட்டுடலாம்மா, அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து" என்றாய். ஜூனியில் வளர்ந்தவள் இன்னொரு ஊரைப் பார்த்து ஒன்றுமே இல்லை என்கிறாள்! அந்த ஊர் பாதாம் மிட்டாய்க்கு நான் எத்தனை வருஷமாக ஆசைப்படுகிறேன் என்று உனக்குத் தெரியும். சரி, பிள்ளைக்கு அலைச்சல் என்று விட்டுக்கொடுத்தேன். ஜூன் மாதம், "சூரிக்கோட முடிக்க வேணாம்மா, லைப்சிக்குக்கே திரும்பிடலாம், சாமானெல்லாம் அங்கதானே இருக்கு" என்றாய். அதற்கும் தலையாட்டினேன். விமானத்தை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

புதன்கிழமை விதிகளை எடுத்து மறுபடி படித்தேன். உன் பாஸ்காரர்கள் தாங்கள் குடியிருக்கும் நாட்டுக்குள் எத்தனை நாள் வேண்டுமானாலும் போய்வர முடியாது. வெளியே போக ஒரு நாள், உள்ளே வர ஒரு நாள், அவ்வளவுதான். பிராகுக்குப் போகும் நாள் ஒன்று, சூரிக்கிலிருந்து லைப்சிக்குக்குத் திரும்பும் நாள் ஒன்று. லூபெக்கும் ஜெர்மனிக்குள்தான், அதற்கு உன் பாஸில் இடமே இல்லை. காற்றாம், ஒன்றுமே இல்லையாம்! ரயில்காரனிடம் உண்மை, பெற்றவளிடம் பொய்.

அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். ஷெட்டில் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "மெரில், நான் சொல்லக்கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிட்டா. என்னைய என்ன பண்ணச் சொல்ற?" என்றார். மார்ச்சிலிருந்தே தெரியுமாம். ஆஸ்பத்திரியில் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்களாம். டோர்ஸ்டென் என்று ஒருவனாம், நல்ல பையனாம், இவரோடு வீடியோவில் மீன் பிடிப்பது பற்றியெல்லாம் பேசியிருக்கிறானாம். நீ அனுப்பிய போட்டோக்களில் எல்லாம் ஓரமாக ஒரு முழங்கை தெரியுமே, அது அவனுடையதாம். ஒரு வருஷமாக அந்த முழங்கையை யாரோ வழிப்போக்கனுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் எப்போது சொல்வதாக இருந்தாள் என்று கேட்டேன். "வெனிஸ்ல வச்சு சொல்லப்போறாளாம். அழகான இடமாம். உனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்குமாம்" என்றார். கெரின், இதைப் படித்ததும் உனக்கே வெட்கமாக இல்லையா? கழுத்தை அறுக்க அழகான இடம் பார்த்தாயா? சுற்றிலும் தண்ணீர், எழுந்து நடக்கக்கூட வழியில்லாத ஊரில் உட்காரவைத்து, அம்மா, நான் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று சொல்வாய், நான் காபி குடித்துக்கொண்டே தலையாட்ட வேண்டும், இல்லையா?

நான்கு நாளாக அப்பா தானே முட்டை பொரித்துச் சாப்பிடுகிறார். கருக்குகிறார். நான் எட்டிப் பார்ப்பதாக இல்லை.

உன் அறைக்கு ஏப்ரலில் மஞ்சள் வண்ணம் அடித்தேன். அடிக்கும்போது அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் தெரிந்துகொண்டே பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து ஊர் வாகாவில் ஆஸ்பத்திரியில் உனக்காக வேலைக்குச் சொல்லிவைத்திருந்தேனே, அந்த அம்மாள் முகத்தில் இனி எப்படி விழிப்பது? பௌலிங் கிளப்பில் ஒவ்வொரு சனிக்கிழமையும் "பொண்ணு எப்ப வர்றா?" என்று கேட்கிறவர்களுக்குத் தேதியே சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ அங்கே தங்குவதில் எனக்குக் கோபமில்லை, மறைத்ததில்தான் கோபம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அதுவும் பொய். தங்குவதிலும் கோபம்தான். பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

இரண்டு வருஷத்துக்கு முன் நீ கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? எனக்கு வேலையில் கடைசி மாதம். வேண்டுமென்றே என் ஜன்னலுக்கு வந்து வரிசையில் நின்றாய், சிட்னிக்கு டிக்கெட் கேட்டாய். எல்லோரையும் கேட்பது போல உன்னையும் கேட்டேன், "ஒன்வேயா, ரிட்டனா?" என்று. "ஒன்வே போதும்மா" என்றாய். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். பின்னால் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாயா என்று நான் கேட்கமாட்டேன். உனக்கும் அப்போது தெரிந்திருக்காது.

இப்போது நான் சொல்வதைக் கேள். என் பாஸை இன்னும் நான் தொடங்கிவைக்கவில்லை. முதல் வண்டியில் ஏறுவதற்கு முன் தொடங்கினால் போதும். அதே கேள்வியைத்தான் மறுபடி கேட்கிறேன். ஒன்வேயா, ரிட்டனா? உன் வாயால் சொல். அப்பா வாயால் வேண்டாம், வெனிஸும் வேண்டாம். எதைச் சொன்னாலும் செப்டம்பர் ஐந்தாம் தேதி லைப்சிக்கில் வந்து இறங்குவேன். ஒன்றும் சொல்லாமல் இழுத்தடித்தால் இந்த வீட்டை விட்டுக் கிளம்பமாட்டேன்.

நான் வந்தால் லூபெக் கட்டாயம் உண்டு. உனக்குப் பாஸ் செல்லாது என்பது எனக்குத் தெரியும், தனியாக டிக்கெட் எடுத்துக்கொள். அந்த முழங்கையையும் கூட்டிக்கொண்டு வா, முகத்தைப் பார்க்க வேண்டும்.

எந்த ஊரில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இரு. அவன் உன்னை நன்றாக வைத்துக்கொள்ளட்டும்.

கோபம் தீராத உன் அம்மா,
மெரில்

பி.கு.: சூரிக்கிலிருந்து வரும் விமானத்தில் ஜன்னலோர இடம் உன் பெயரில்தான் இருக்கிறது. இரண்டு முறை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், என்னால் முடியவில்லை. ரத்து செய்ய வேண்டுமென்றால் நீயே செய்துவிடு.