ஒற்றைக் கண் சீட்டு எத்தனை?

2025 ஜனவரி 7, செவ்வாய்

நானும் வீட்டுக்காரரும் சேலம் போய்வந்தோம். வாராவாரம் இதே பாடு. நாகலூரில் காலை ஏழு மணி பஸ், ஏற்காட்டில் இறங்கி வேறு பஸ், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் சேர்வதற்குள் எனக்குத்தான் வயிற்றைப் புரட்டுகிறது. இவர் கல் மாதிரி உட்கார்ந்து வருகிறார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஸ்டெஃபி இன்று ஒரு டம்ளரைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். நாலு மாதம் முன்புவரை எஸ்டேட்டில் முந்நூறு பேர் பெயரையும் நோட்டைப் பார்க்காமல் சொன்னவர், வேலையாட்கள் கணக்கு எழுதும் ரைட்டர் இவர். ஆபீசில் பேர் பதிந்துகொண்டிருக்கும்போதே வலது கை விழுந்தது, வாய் கோணியது. வாய் நேராகிவிட்டது. கையிலும் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. பேச்சுதான் வரவில்லை. எல்லாம் தெரிகிறது, எல்லாம் புரிகிறது. பெயர் மட்டும் வாய்வரை வந்து திரும்பிப் போய்விடுகிறது.

"ட... ட... தண்ணி" என்றார்.

நான் "டம்ளர்" என்றேன்.

"அக்கா, நீங்க முடிச்சுக் குடுக்காதீங்க. அவரே எடுக்கட்டும். காத்திருங்க" என்றாள்.

காத்திருப்பது அவளுக்கு முக்கால் மணி நேரம். எனக்கு?

ஜனவரி 9, வியாழன்

பொங்கலுக்குள் தைக்க வேண்டிய ஜாக்கெட் பதினேழு. கை ஓடவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று இவரை ஆட்டக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். உடம்பு படுத்த பிறகு இதுதான் முதல் தடவை. போயிருக்கக் கூடாது.

ஏற்காட்டு ஏரிக்கரையில் முபாரக்கின் பேக்கரி மாடி. ஞாயிறு நாலு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். கேரம், சீட்டு, பகடை, பெட்டி பெட்டியாக என்னென்னவோ பலகை ஆட்டங்கள். நடுவில் வினாடி வினா. சினிமா, பாட்டு, படக்கதை, விளையாட்டு, எதிலிருந்தும் கேள்வி வரும். பதினோரு வருஷமாகக் கேள்வி போட்டது இவர். சினிமாவில் ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓடும், பகடையில் எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டினால் எவ்வளவு, சதுரங்கப் பலகையில் சின்னதும் பெரியதுமாக மொத்தம் எத்தனை சதுரம்... இப்படியே பதினான்கு நோட்டு. எனக்கு இதில் ஒன்றும் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை மனுஷன் ஊட்டில் இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

இப்போது முபாரக்கின் தங்கை ருக்சானா இவர் நோட்டை வைத்துக் கேட்கிறாள். நல்ல பெண். இவரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "சீட்டுக்கட்டில் மீசையில்லாத ராஜா எது?" என்று கேட்டாள். வேண்டுமென்றே சுலபமானதாக எடுத்தாள் போலிருக்கிறது. இவர் கையைத் தூக்கினார். எழுந்து நின்றார். "ஹ... ஹ..." அவ்வளவுதான். எல்லாரும் வாயையே பார்க்கிறார்கள். கழுத்து நரம்பு புடைக்கிறது. கீழே பேக்கரியில் யாரோ பன் கேட்பதுகூடக் காதில் விழுந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. "ஹார்ட்டின்" என்று சொல்லிவிட்டேன். இதே கேள்வியை நூறு தடவை ஊட்டிலும் கேட்டிருக்கிறார், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

எல்லாரும் கை தட்டினார்கள். இவர் மேசையில் இருந்த கேரம் காய்களை ஒரே வீச்சில் தள்ளிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். நானும் முபாரக்கும் குனிந்து பொறுக்கினோம். கறுப்பு ஒன்பதும் கிடைத்தன. வெள்ளையில் ஒன்று அகப்படவில்லை.

பஸ்சில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார்.

ஜனவரி 13, திங்கள்

நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்? உங்களுக்கு ஒத்தாசையாத்தானே சொன்னேன்? நாலு மாசமா குளிக்க வைக்கறது நானு, மாத்திரை குடுக்கறது நானு, மலை ஏறி எறங்கறது நானு. ஒரு வார்த்தை சொன்னதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கறீங்க. எனக்கு ஆருங்க இருக்கறாங்க?

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கவிப்பிரியா போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன். "அப்பா சொல்லீருப்பாரும்மா, நீங்க எதுக்குச் சொன்னீங்க?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப்பொங்கல். முபாரக் கேக்கோடு வந்தான். இவர் பின்னால் காப்பிச் செடிக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். முபாரக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்:

"அக்கா, இருபத்தாறாந் தேதி ஞாயித்துக்கெழமை வருது. ரைட்டர் அண்ணனுக்கு ஒரு பாராட்டு மாதிரி வெச்சரலாங்க. சால்வை போத்தி, மாலை போட்டு, எல்லாரும் ரெண்டு வார்த்தை பேசி... அண்ணனுக்கும் ஒரு நிறைவா இருக்கும்."

"அதுக்கப்புறம்?"

அவன் கீழே பார்த்தான். "அதுக்கப்புறம் அவரச் சிரமப்படுத்த வேண்டாம்ங்க. பார்க்க எங்களுக்கே நொம்ப கஷ்டமா இருக்குது."

சரி என்றேன். இவரிடம் கேட்காமலே சரி என்றேன். உண்மையை எழுதினால், மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை அந்தப் படியேற வேண்டாம். அந்த வாயைப் பத்துப் பேர் பார்ப்பதை நான் பார்க்க வேண்டாம். ஒரு சால்வையோடு முடிந்துவிடும்.

ஜனவரி 18, சனி

துணி வெட்டும் கத்தரியைக் காணவில்லை. தேடினால் இவர் கட்டிலில். அதனால் காகிதம் வெட்டியிருக்கிறார். பதினைந்து வருஷக் கத்தரி! காகிதம் வெட்டினால் முனை மழுங்கிப்போகும் என்று இவருக்குத் தெரியாதா? கட்டில் முழுக்கப் பழைய வாரப் பத்திரிகை, சினிமா விளம்பரம், தீப்பெட்டிப் படம், ஒரு பழைய சீட்டுக்கட்டு. போர்வையில் பசை.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.

இவர் காத்திருந்தார். நான் முடித்ததும் ஓர் அட்டையை இடது கையால் தூக்கிக் காட்டினார். யாரோ ஒரு நடிகையின் படம். முகத்தை மறைத்துக் காகிதம் ஒட்டி, மூக்குத்தி மட்டும் தெரியும்படி விட்டிருந்தார். பிறகு தன்னைத் தொட்டுக் காட்டி, என்னைப் பார்த்துக் கையை விரித்தார். யார் இது, சொல்?

கேள்வி. வாயில்லாமல் கேட்கிற கேள்வி. காலண்டரில் இருபத்தாறைக் காட்டினார். "நா... நா..." என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

முபாரக்கின் சால்வையைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து சீட்டுக்கட்டை வெட்டிக் கொடுத்தேன், அவர் காட்டின காட்டின இடத்தில். கத்தரி எப்படியும் போனது போனதுதான்.

ஜனவரி 20, திங்கள்

முப்பத்திரண்டு அட்டை ஆகிவிட்டது. தூங்கும்போதுகூட விரலில் பசை.

ஜனவரி 22, புதன்

முபாரக்குக்குப் போன் செய்தேன். பாராட்டு வேண்டாம், அவரே கேள்வி கேட்கப்போகிறார் என்றேன்.

"அக்கா, சால்வை வாங்கியாச்சுங்களே."

"நீயே போத்திக்க கண்ணு. குளிரு காலந்தானே."

சிரித்தான். பிறகு, "முடியுமுங்களா அவரால?" என்றான்.

எனக்கென்ன தெரியும்.

ஜனவரி 26, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இரண்டு அணி. ருக்சானா ஒன்றில், முபாரக் இன்னொன்றில். நான் அட்டைகளை வரிசையாக எடுத்துக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. மூக்குத்தி, மிதியடி, பாதி மீசை, படக்கதை ஒன்றின் மூலையில் இருந்த வால். ஒவ்வொன்றுக்கும் கூச்சல். சரியென்றால் இவர் கட்டைவிரலைத் தூக்கினார், பலகையில் இடது கையால் கோடு போட்டார். ஒரு மணி நேரம் எனக்கு மூச்சு சீராக வந்தது.

பிறகு டைமண்ட் ராஜாவை எடுத்தார். பக்கவாட்டில் பார்க்கிற ராஜா, ஒரு கண்தான் தெரியும். தன் ஒரு கண்ணை மூடிக் காட்டினார். வெட்டினது போக மீதிக் கட்டையும் தூக்கிக் காட்டிக் கையை விரித்தார். இப்படி ஒற்றைக் கண் சீட்டு மொத்தம் எத்தனை?

"மூணு" என்றாள் ருக்சானா.

இவர் இல்லையென்று தலையை ஆட்டினார். நாலு விரலைக் காட்டினார்.

ருக்சானாவுக்குத் தெரியும். முகத்திலேயே தெரிந்தது. ஆனால், "ஆமாங்கண்ணா, நாலுதான்... நான்தான் தப்பாச் சொல்லீட்டேன்" என்றாள். முபாரக், "நாலு, நாலு. அண்ணன் சொன்னாச் சரிதான்" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். சின்னக் குழந்தை கிறுக்கிக் காட்டினதை, ஆகா யானை என்று சொல்வோமே, அந்தக் குரல். இவர் சந்தோஷமாகப் பலகைப் பக்கம் திரும்பினார்.

அன்றைக்கு எல்லாரும் இவர் வாயைப் பார்த்தபோது வலித்ததைவிட இது மோசமாக வலித்தது எனக்கு.

"மூணுங்க" என்றேன்.

திரும்பினார்.

"நாலு இல்லீங்க, மூணு. படச் சீட்டெல்லாம் வெட்டிக் குடுத்தது நானு. எனக்குத் தெரியும்."

"அக்கா, உடுங்க. ஒரு பாயிண்டுதானே" என்றான் முபாரக்.

"நீ சும்மா இரு சாமி. அவர் ரைட்டராயிருந்தவரு. தப்பாப் பதிஞ்சா ஒத்துக்குவாரா?"

இவர் மேசையில் அடித்தார். முகம் சிவந்துவிட்டது. நான் அலமாரியிலிருந்து புதுக் கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்து அவர் முன்னால் போட்டேன். இவர் படச் சீட்டு பன்னிரண்டையும் இடது கையால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுப் பார்த்தார். டைமண்ட் ராஜா. ஸ்பேட் ஜாக்கி. ஹார்ட்டின் ஜாக்கி. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். மூன்றுதான்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் நான் இவர் எழுதிய கணக்கில் பிழை கண்டுபிடித்தபோது ஒரு பார்வை பார்த்தாரே, அது. அப்படி அவர் என்னைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பலகைக்குப் போய் ருக்சானா அணிக்கு ஒரு கோடு போட்டார். சாக்பீஸ் உடைகிற மாதிரி அழுத்திப் போட்டார். பிறகு அடுத்த அட்டைக்குக் கையை நீட்டினார்.

ஜனவரி 27, திங்கள்

என் பக்கமே திரும்பவில்லை. சரி செய்தேனா? பத்துப் பேர் முன்னால் கட்டின புருஷனை... ருக்சானா போன் செய்து, "நீங்க அப்படிச் சொல்லீருக்க வேண்டாங்கக்கா" என்றாள். பிறகு அவளே, "நாங்களும் அப்படிச் சொல்லீருக்க வேண்டாம்" என்றாள்.

ஜனவரி 28, செவ்வாய்

சேலம். இந்த வாரம் என்ன விசேஷம் என்று ஸ்டெஃபி கேட்டாள். இவர் மூன்று விரலைக் காட்டினார், என்னைக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். "இவ... இவ..." என்று முழுதாக ஐந்து நிமிஷம் என்னைப் பற்றிப் புகார். ஸ்டெஃபிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கம் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்கு இவர் கேள்வி கேட்கவில்லை. முபாரக் அணியில் ஆட உட்கார்ந்தார். ஒரு பகடையை மேசை நுனியிலிருந்து உருட்டினார் என்பதால் ருக்சானா ஒத்துக்கொள்ளவில்லை. "செல்லாதுங்கண்ணா, மறுபடி போடுங்க" என்றாள். இவர் முறைத்தார். அவளும் முறைத்தாள். கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

முதுகு வலி. நான் வரவில்லை என்றேன். தனியாகவே பஸ் ஏறிப் போனார். கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். திரும்பி வருகிறவரை உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினேன். எப்போது இப்படித் தூங்கினேன் என்று ஞாபகமில்லை.

ஆறரை பஸ்சுக்கு வந்தார். செருப்பை மூலையில் எறிந்தார். தோற்றுவிட்டு வந்திருக்கிறார், ருக்சானா அணி ஜெயித்ததென்று முபாரக் முன்பே போனில் சொல்லியிருந்தான். தோற்றால் முன்பெல்லாம் இரண்டு நாள் பேசமாட்டார். இன்றும் பேசவில்லை. "கஷ்டமா இருக்குதுங்களா?" என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்தார்.

சோறு போட்டேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். குழம்பில் உப்பில்லை. எனக்கே தெரிந்தது. எழப்போனேன். பிறகு எழவில்லை.

"உப்பு டப்பா அடுப்படியில இருக்குதுங்க. நீங்களே எடுத்துக்குங்க" என்றேன்.

முறைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன்.