ஏழுமலை போகாத எம்.இ. இன்டர்வியூ

என் ஆசை மச்சான் ஏழுமலைக்கு,

உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தாயா? கருணாபுரம் முனையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டியிருக்கிறார்கள். உன் பெயருக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் எம்.இ. என்று போட்டிருக்கிறது. நீ படிக்காத படிப்பு. அச்சடித்தவனிடம் சண்டைக்கே போனேன். “எஞ்சினியருன்னா எம்.இ. தானே சார், இருந்துட்டுப் போவட்டும்” என்கிறான்.

பக்கத்தில் நின்ற உன் மகள் யாழினி அவனுக்கு விளக்கம் சொன்னாள். “அப்பா எம்.இ. படிக்கலங்க. ரோடு மறியல்ல இன்டர்வியூக்குப் போக முடியாமப் போச்சு.” அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவளுக்கு நீ சொல்லிவைத்த கதை அது. ஊருக்கே நீ சொல்லிவைத்த கதை.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கள்ளக்குறிச்சித் துணை மின்நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஷிப்டு முடிந்ததும் எம்.இ. நுழைவுத் தேர்வுக்குப் படித்தோம். எனக்குத் தேர்வே ஊத்திக்கொண்டது. உனக்குச் சென்னையிலிருந்து இன்டர்வியூ வந்தது. உங்கள் தெருவில் முதல் எஞ்சினியர் நீ. பெரிய படிப்புக்கும் நீதான் முதல் ஆளாகப் போகப்போகிறாய் என்று உன் அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஆட்கள் ரோட்டில் இறங்கியிருந்த வருஷங்கள் அவை. புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். மரம் சாய்ந்த இடத்திலெல்லாம் நம் கம்பியும் அறுந்தது. வெட்டியவர்களில் என் பெரியப்பா மகன்களும் உண்டு. அந்தச் சமயத்தில் நீ என்னை மச்சான் என்று கூப்பிட்டால் எங்கள் தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். நீயோ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: “உங்காளுங்க என் சீட்டையா கேக்கறாங்க? அவங்களுக்குத் தனியா கேக்கறாங்க. கேக்கட்டுமே, அதுல உனுக்கு இன்னா?”

இன்டர்வியூவுக்கு முந்தின நாள். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் மரம் விழுந்து லைன் அறுந்துவிட்டது. நான் உன்னிடம் எல்.சி. வாங்கிக்கொண்டு ஆட்களோடு கிளம்பினேன். நம் வேலையைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் சொல்கிறேன். எல்.சி. என்றால் லைன் கிளியர். கம்பியில் கரண்ட் இல்லை, தொட்டு வேலை செய்யலாம் என்று மின்நிலையம் கொடுக்கிற வாக்கு. வாங்கியவனே தன் வாயால் திருப்பித் தந்தால்தான் மறுபடி கரண்ட் விடலாம். நடுவில் வேறு யார் வந்து சொன்னாலும் செல்லாது.

எங்கள் ஜீப்பை மறியலில் நிறுத்திவிட்டார்கள். தோளில் தூக்க முடிந்த சாமான்களோடு கரும்புக் கொல்லை வழியாக நடந்துபோனோம். அந்தப் பக்கம் போன் எல்லாம் செத்துக் கிடந்தது. சைக்கிளில் கள்ளக்குறிச்சிக்குப் போன பால்காரரிடம், “ரோடு கிளியர் ஆனாத்தான் வர முடியும், லேட் ஆகும்னு எங்க சாராண்ட சொல்லிடுங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் பாவம், வழியெல்லாம் மரத்தில் ஏறி இறங்கிப் போனவர். எத்தனை பேர் நிறுத்தி எத்தனை கேள்வி கேட்டார்களோ? உன்னிடம் வந்து சேர்ந்தபோது அவர் நினைவில் ஒரு வார்த்தைதான் மிச்சம். “உங்க சாரைப் பாத்தேங்க. கிளியர்னு சொல்லச் சொன்னாரு.”

அதற்குப் பிறகு நடந்ததை நீ எனக்குச் சொல்லவே இல்லை. அங்கே இருந்த லைன் இன்ஸ்பெக்டர்தான் சொன்னார். அப்போது வாசலில் ஒரு ஜீப் நின்றதாம். போலீஸ் காவலோடு திருவண்ணாமலை வழியாகச் சென்னைக்குப் போகிற ஜீப். உன்னை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நம் பெரிய அதிகாரிக்கோ, லைனைச் சார்ஜ் பண்ணு, கரண்ட்டை விடு என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன்.

“அதான் கிளியர்னு ஆள் வந்து சொல்லிட்டான் இல்ல? சார்ஜ் பண்ணிட்டுக் கிளம்புய்யா.”

“எந்தக் கிளியர் சார்? அவன் வந்து சொல்லட்டும்.”

“நீ போ. நான் போட்டுக்கறேன்.”

“நான் போனா நீங்க போட்டுடுவீங்க. அதான் போவல.”

“கோட்டாவுல வந்தவனுக்கு இவ்ளோ திமிரா?” என்று அவர் கத்தினாராம். நீயோ நாற்காலியை இழுத்து, ஸ்விட்ச் பேனலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாய். ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டதாம். அப்போது உன் மனசில் என்ன ஓடியது மச்சான்? உன் அம்மா ஞாபகம் வந்ததா? என்மேல் ஆத்திரம் வந்ததா?

அதே நேரத்தில் நானும் வயர்மேனும் அறுந்த கம்பியின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். தப்பித் தவறிக் கரண்ட் வந்தால் மண்ணில் இறக்கிவிடுகிற எர்த் ராடு ஜீப்போடு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. நீ ஸ்விட்சைப் போட்டிருந்தால் இரண்டு பேரும் அங்கேயே கரிக்கட்டை. 

பொழுது சாயும்போது சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தேன். வாசற்படியில் நின்றே, “எல்.சி. ரிட்டர்ன்” என்றேன். நீ எழுந்து ஸ்விட்சைப் போட்டாய். “ஏண்டா, நீ இன்னும் போவலியா?” என்று பதறிக் கேட்டேன். “ரோடெல்லாம் மரம், எங்க போறது? நீ மூஞ்சியக் கழுவிக்கினு வந்து துன்னு” என்றாய். அன்றைக்கு நானும் நம்பினேன்.

லைன் இன்ஸ்பெக்டர் சொன்ன மறுநாள் உன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். “இத எவனாண்டயாவது சொன்ன, அப்புறம் எம் மூஞ்சிலயே முழிக்காத. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னத்தான் திட்டிக்கினு கெடக்கும்” என்றாய். அத்தோடு என் வாயைக் கட்டிப்போட்டாய். அடுத்த வருஷம் உன் அப்பா படுத்துவிட்டார். எம்.இ. என்ற பேச்சே உன் வீட்டில் எழவில்லை.

தலை நரைத்த பிறகு தபாலில் பொறியியல் மேலாண்மை படித்தாயே! “கரண்ட்ட வுட்டுட்டு மனுசங்கள மேய்க்கப் போறியா?” என்று நான் கிண்டல் செய்தேன். “கரண்ட்டு ஒயுங்காத்தான் போவுது. பேச்சுதான் வழியில கோணிக்குது” என்றாய். நீ ப்ராஜெக்ட் எழுதியதும் அதைப் பற்றித்தான். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன், கேள். யாழினிக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. மின்பொறியியலும் மேலாண்மையும் சேர்ந்த மேற்படிப்பு. நீ தனித்தனியாக ஆசைப்பட்டது இரண்டும் ஒரே படிப்பில். சந்தோஷப்படாதே, அவள் போகமாட்டேன் என்கிறாள். அவள் அம்மாவை, என் தங்கச்சி செல்வியை, தனியாக விட்டுப் போக மனசில்லையாம். இந்த மாதத்துக்குள் பதில் எழுதாவிட்டால் இடம் போய்விடும். நானும் கெஞ்சிப் பார்த்தேன். “அப்பாவும்தான் போவல மாமா. அவருக்கு இன்னா கொறஞ்சு போச்சு?” என்று என்னையே கேட்கிறாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நீ கோபித்துக்கொண்டாலும் சரி, என் மூஞ்சியில் முழிக்காவிட்டாலும் சரி. எப்படியும் இனிமேல் முழிக்கப் போவதில்லை, பாவி.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போகிறேன். தங்கச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்வேன். அன்றைக்கு உங்கள் அப்பாவுக்கு ரோடு திறந்துதான் இருந்தது, வாசலில் ஜீப்பும் நின்றது என்று சொல்வேன். தங்கச்சிக்கு நானும் என் வீட்டுக்காரியும் இருக்கிறோம், அவளைத் தனியாக விடமாட்டோம். இது உனக்கு நான் தருகிற வாக்கு. அப்புறம் யாழினியிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: “ஒங்கப்பன் போவாததால நான் பொழச்சேம்மா. நீ போவாம இருந்தா யாரு பொழைக்கப் போறாங்க?”

உன்னால் உயிரோடு இருக்கிற மச்சான்,
கலியமூர்த்தி