மூடியோடு எடுத்த பன்னிரண்டு படங்கள்

ஃபுமியோவுக்கு,

அங்கே சுவா ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கியிருக்கும். உன் முழங்கால் வலி தேவலையா? டோக்கியோவில் நான் நலம். வேலைக்காக இங்கே நாலு வருடம் தனியாகப் பொங்கித் தின்றதில் சோறுகூட இப்போது குழைவதில்லை.

செவ்வாயன்று எந்த கேமராவைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று கம்பெனியில் கூட்டம். எங்கள் பிரிவின் கடைசி மாடலுக்காக அரைமணி நேரம் முழங்கினேன். "இப்ப வர்ற மிர்ரர்லெஸ் கேமராவுல நீங்க பாக்கறது குட்டி டிவி. இதுல கண்ணாடித் துளை வழியா உலகத்தையே நேரா பாக்கறீங்க."

இயக்குநர் ஓகிஹாரா கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "பேசினது போதும்ப்பா, எங்களைப் படம் எடுத்துக் காட்டு" என்றார்.

பன்னிரண்டு எடுத்தேன். பெரிய திரையில் போட்டால் பன்னிரண்டும் கன்னங்கரேல். லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை. இதில் பார்க்கும் துளை லென்ஸுக்கு மேலே தனியாக இருப்பதால் மூடியிருந்தாலும் பளிச்சென்று தெரியும். நம் கல்யாணப் பயணத்தில் செய்த அதே வேலைதான்.

"எல்லாரும் நல்லாவே விழுந்திருக்கோம். என் வழுக்கைகூடத் தெரியல" என்றார் இயக்குநர்.

அந்த மாடலை நிறுத்தும் உத்தரவுத் தாளில் எல்லோரும் பெயர் முத்திரை குத்தினார்கள். நானும் வழக்கப்படி என் முத்திரையை இயக்குநருடையதை வணங்குவதுபோல் சாய்த்துக் குத்தினேன். மார்ச்சோடு பிரிவு மூடல். என்னை நம்மூர் சுவா தொழிற்சாலைக்கே அனுப்புகிறார்கள்.

கம்பளிக் காலுறை அனுப்பாதே, வந்து போட்டுக்கொள்கிறேன். பிளம் ஊறுகாய் மட்டும் மார்ச் வரைக்கும் போதுமானதாக அனுப்பு.

பெட்டியிலிருந்து தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: மூன்றாவது படத்திலேயே என் விரல் மூடியில் பட்டுவிட்டது. கழற்றாமலேதான் மீதி ஒன்பதையும் எடுத்தேன்.

ஷிகேயோ