படகுக்கு ஒரு கையெழுத்து

என் பிரியமுள்ள மிக்கேல் அண்ணாச்சி,

வழக்கில் ஜெயித்துவிட்டோம். கூட்டத்துக்கு வராத உறுப்பினரிடம் காரணம்கூடக் கேட்காமல் அவருடைய ஓட்டைப் பறிக்கலாம் என்ற கூட்டுறவுச் சட்டப் பிரிவு செல்லாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. மீனவர் சங்கத் தலைவராக நீங்கள் போட்ட வழக்கு. தீர்ப்பைக் கேட்கத்தான் நீங்கள் இல்லை. போன மழைக்காலத்து மார்வலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

தப்பு உங்கள் ஆட்கள் பக்கமும் உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். கடலுக்குப் போகும் நாளான புதன்கிழமையில் கூட்டம் வைத்தால் மீன் காத்திருக்குமா? படகுக்கு ஒருவரைக் கரையில் விட்டுவிட்டு மற்றவர்கள் கடலுக்குப் போனீர்கள். கரையில் நின்றவனுக்கும் மீனில் சரிபங்கு கொடுத்தீர்கள். அதுபோலவே கூட்டத்து நோட்டில் அவன் போடும் கையெழுத்தும் படகில் இருக்கும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிட்டீர்கள். சட்டம் தலையை எண்ணியது. முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டு போயிற்று. அப்படிப்பட்ட சங்கத்தின் ஏலக்கூடம் யார் கைக்குப் போகும்?

என் கைக்குத்தான். தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி, மீன் ஏற்றுமதி என்று வளர்ந்தவன் நான். சங்கம் உடைந்தால் கூடத்தைக் குத்தகைக்கு எடுக்கப் பேசி வைத்திருந்தேன். அது தெரிந்தும் நீங்கள் நேரே என்னிடம் வந்தீர்கள்.

“ஏலே தங்கராசு, கூட்டம் நடந்த அன்னைக்கு எந்தெந்தப் படகு ஐஸ் ஏத்துச்சுன்னு ஒன் வண்டிச் சீட்டுல இருக்கும்லா? அதக் குடு. கோர்ட்டுல காட்டணும்.”

“என் பொழப்புல மண்ணப் போட எங்கிட்டயே சீட்டு கேக்கீயளே அண்ணாச்சி?”

“ஒங்கிட்டதானல இருக்கு. வேற எவன்கிட்ட போயி கேக்க?”

சிரித்துவிட்டேன். சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வந்த வெளியூர்க்காரனான என்னிடம் உங்கள் கரையில் முதன்முதலில் ஐஸ் வாங்கியவர் நீங்கள். அன்றைக்கு அதை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் நான் பேரம் பேசியிருப்பேன். சொல்லாததால்தான் பீரோவைத் திறந்தேன்.

வராதவர்கள் வீட்டில் தூங்கவில்லை, கடலில் இருந்தார்கள் என்று அந்தச் சீட்டுகள்தான் காட்டினவாம். நம் வக்கீல் சொன்னார். சீட்டை வாங்கிக்கொண்டு நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள். நான்தானே சொல்லியிருக்க வேண்டும்? கொஞ்சம் விட்டிருந்தால், என்னை ஆளாக்கிய கரையையே விலை பேசியிருப்பேன். அந்தக் கேவலத்திலிருந்து என்னைக் காப்பாற்றினீர்கள்.

பறிபோன ஓட்டெல்லாம் திரும்ப வந்து, தேர்தலும் நடந்தது. இப்போது தலைவர் உங்கள் வீட்டு ரோசம்மாள் மதினிதான். போன வாரம் வியாபாரம் பேசப் போனேன். “கொழுந்தன்னு காப்பி தருவேன். ஏலத்துல சலுகை கெடையாது, கேட்டீயளா?” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நீங்கள்கூட இவ்வளவு கறார் இல்லை.

மதினியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை உங்களுக்கும் வாக்காகத் தருகிறேன். ஏலத்தில் முதலில் விலை கேட்கும் உரிமை எனக்குக் கிடையாது, கூடக் கேட்டவருக்கே மீன். எடுத்த மீனுக்கு அன்று சாயங்காலத்துக்குள் பணம். ஐஸ் எல்லாப் படகுக்கும் ஒரே விலை, கிராக்கி நாளிலும் ஏற்ற மாட்டேன். ஒப்பந்தம் மூன்று வருடம்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
ஐஸ் கம்பெனி தங்கராஜ்