பீரோவில் இரண்டு தட்டு

மைசூர் மைன்ஸ்
4.5.2025

ஷெரில் அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் நலம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உடனே சண்டை வருகிறது. அதனால் இதைச் சகாயம் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர்தான் தினமும் காலை ரயிலில் பெங்களூர் வருகிறாரே, பதிலையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை, அதற்குள் தண்ணீர்ப் பைத்தியம். நேற்று பக்கெட்டுக்குள் தலையை விட்டு நின்றாள். ஓடிப்போய்த் தூக்கினேன். பங்காரப்பேட்டை ரோட்டில் புதிதாக நீச்சல்குளம் திறந்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் சின்னக் குழந்தைகளுக்கு வகுப்பு. அம்மாவோ அப்பாவோ கூடவே தண்ணீரில் இறங்க வேண்டும். பெயர் கொடுத்துவிட்டேன். எனக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே மூச்சு முட்டும். நீங்களோ கிணற்றில் குதித்து வளர்ந்தவர். வர முடியுமா?

ஷைலா


பெங்களூர்
6.5.2025

அன்புள்ள ஷைலாவுக்கு,

கடிதமும் முறுக்கும் கிடைத்தன. முறுக்கில் பாதி வொயிட்ஃபீல்டு வருவதற்குள் சகாயம் அண்ணன் வயிற்றுக்குள் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

தினமும் ரயிலில் வந்துபோக முடியவில்லை, பெங்களூரிலேயே குடியிருப்போம் என்று கேட்டேன். பள்ளிக்கூட வேலையை விட்டு வரமாட்டேன் என்றாய். நியாயம்தான். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால், "நீங்க இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?"ன்னு கேட்டே பாரு, அதுதான் வலிக்கிறது.

நான் தனியாக இங்கே வந்து தங்கிய இந்த மூன்று மாதத்தில் ஷெரில் என்னை மறந்துவிட்டாள். வீடியோவில் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தெரியாத ஆள் தண்ணீருக்குள் தூக்கிக்கொண்டு போனால் பயப்பட மாட்டாளா? நீயே இறங்கு. கெட்டியாகப் பிடித்துக்கொள்.

ஆஸ்டின்


மைசூர் மைன்ஸ்
10.5.2025

ஷெரில் அப்பாவுக்கு,

கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன்.

சுடிதாரோடு இறங்கக் கூடாதாம். நைலானில் ஒன்று வாங்கிப் போட்டுக் கண்ணாடியில் பார்த்து நானே சிரித்துவிட்டேன். குளத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சர் லதா விசிலால் ஏணிக் கம்பியில் மூன்று முறை தட்டுவார். மூன்றாவது தட்டுக்குக் குழந்தையைக் கழுத்துவரை இறக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது தட்டு விழுந்ததோ இல்லையோ, இவள் கண்ணை மூடி, காலை மடக்கி, என் கையிலிருந்து சரிந்து நேராக உள்ளே போய்விட்டாள்!

லதா பாய்ந்து தூக்கினார். கொஞ்சம் தண்ணீர் குடித்திருந்தாள், வேறொன்றும் இல்லை. பயப்படாதீர்கள். ஆனால் இருமி முடித்ததும் அவள் என்னிடம் தாவவில்லை. கரையில் நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

"தானா உள்ள போற கொழந்தைய நான் பாத்ததே இல்லீங்க" என்கிறார் லதா. நான்தான் பிடியை விட்டேனோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் போக மாட்டேன்.

ஷைலா


பெங்களூர்
12.5.2025

அன்புள்ள ஷைலாவுக்கு,

நீ பிடியை விடவில்லை. அது நானும் அவளும் ஆடுகிற கேஜ் விளையாட்டு. நான் அங்கே இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை நீ சண்டே ஸ்கூல் நடத்தப் போனதும் ஆடுவோம்.

நீ ஓசூர்க்காரி, உனக்குத் தெரியாது. நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். இரண்டு மணி அடித்தால் அது கீழே இறங்கும். நிற்கிற கேஜுக்கு ஒரு மணி அடித்தால் மேலே ஏறும். எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் இதை ஆடியிருக்கிறோம். நான் பீரோவில் இரண்டு தட்டு தட்டினால் அவள் கண்ணை மூடிக்கொண்டு, என் கையிலிருந்து சரிந்து, தரையில் போய் உட்காருவாள். ஒரு தட்டு தட்டித் தூக்குவேன். அந்த ஒரு தட்டு விழும்வரை அசைய மாட்டாள். தண்ணீருக்குள்ளும் அதற்குத்தான் காத்திருந்திருப்பாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் அழுதுவிட்டேன். என்னோடு தங்கியிருக்கும் ரூபேஷ் அறையில் இருந்தான், அதனால் அவசரமாக வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். அன்று இரண்டு பேரும் வெங்காய சாம்பார் சாப்பிட்டுப் படுத்தோம்.

லதா டீச்சரிடம் சொல்லிவிட்டு இன்னொரு தடவை போய்ப் பார்.

ஆஸ்டின்


மைசூர் மைன்ஸ்
17.5.2025

அன்புள்ள ஷெரில் அப்பாவுக்கு,

போனேன். இன்று கம்பியில் நானே தட்டினேன். இரண்டு தட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு தாடைவரை இறங்கினாள். ஒன்று தட்டித் தூக்கினேன். தூக்கியதும் குளம் முழுக்கக் கேட்கும்படி "அப்பா!" என்று கத்திச் சிரித்தாள். மார்புவரை தண்ணீரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான், பெயர் உங்களுக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் போனதிலிருந்து அவள் பீரோவை இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்துகொள்கிறாள். புது கவுன் கேட்டு அடம்பிடிக்கிறாள் என்று நினைத்து, நான் பீரோவைத் திறந்து ஒவ்வொரு துணியாக எடுத்துக் காட்டுவேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தே இருப்பாள். வீடியோவில் உங்கள் குரல் கேட்டதும் அவள் முகத்தைத் திருப்புவது பீரோ பக்கம்தான்.

நீங்கள் இருந்தால் என்ன என்று நான் கேட்டேனே, அதற்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். எனக்கும் அந்தப் பதில்தான்.

பெங்களூரா இங்கேயா என்பது அப்படியேதான் இருக்கிறது. அதை நேரில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு வாருங்கள். சனிக்கிழமை நீங்கள் தண்ணீரில் இறங்குங்கள், நான் துண்டோடு கரையில் உட்காருகிறேன்.

இதை எழுதும்போதும் பீரோவைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நானே ஒன்று தட்டித் தூக்கிவிடலாம். தட்டவில்லை. அதை நீங்கள் வந்து தட்டுங்கள்.

ஷைலா