வெறும் வளவுக்குக் குறுக்கே எட்டு நிமிடம்

அக்கா,

இன்று காலை குளிர் ஜாக்கெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். மெட்ரோவில் பைக்குள் கை விட்டபோது ஒரு சாண் சிவப்புத் துணி அகப்பட்டது. உங்களுடைய பழைய நைலெக்ஸ் சேலையின் கரை. அது எதற்குக் கிழிபட்டது என்று நினைத்ததும் தனியே சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போய் நின்றார்.

நாம் வேலை செய்த முதியோர் இல்லம் லாவால் நகருக்கும் வடக்கே. நீங்கள் துப்புரவு, நான் கோப்பை கழுவுபவன். நாம் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் மெட்ரோ ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கி, மணிக்கு ஒரு தரம் வரும் பஸ்ஸைப் பிடித்துப் போவோம். சில வருடங்களுக்கு முன் சோளம் விளைந்த நிலம், இப்போது மாதத்துக்கொரு தெரு முளைக்கிறது. மூன்று கார் விடுகிற கராஜ் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு நடைபாதை போடத் தெரியவில்லை. தங்கள் தாய் தகப்பனைக் குளிப்பாட்ட வருகிறவர்கள் பறந்து வருவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

வேலை மூன்று மணிக்கு முடியும். பஸ் அதற்கு ஐந்து நிமிடம் முன்பே போய்விடும். நான் திட்டிக்கொண்டு நிற்பேன். நீங்கள் "வாரும் தம்பி, ஊரைப் பாப்பம்" என்று இழுத்துக்கொண்டு போவீர்கள். நாளுக்கு ஒரு தெரு. மேப்பிள் தெருவில் ஒரு மேப்பிள் மரமும் இல்லை. பெரிய கண்ணாடி ஜன்னலைக் கண்டால், துடைக்கிறவளுக்குக் கை முறியும் என்பீர்கள். ஒருநாள் ஒருவர் காரை நிறுத்தி, வழி தவறி வந்துவிட்டீர்களா என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீங்கள் உங்கள் அரைகுறைப் பிரெஞ்சில், வீடு வாங்கப் பார்க்கிறோம், இது கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்றீர்கள். அவர் அதை நம்பி, பெரிய வீடுகள் அடுத்த தெருவில் என்று கை காட்டினார். நாம் போய் அதையும் பார்த்தோம்.

காலைதான் சிக்கல். பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து நெடுஞ்சாலை ஓரமாகச் சுற்றி நடந்தால் இருபத்தைந்து நிமிடம், லொறிகள் காதை உரசிக்கொண்டு போகும். நடுவில் ஒன்றும் கட்டாமல் கிடந்த வெறும் வளவுக்குக் குறுக்கே போனால் எட்டே நிமிடம். பனி விழுந்தால் அந்த எட்டு நிமிடம் இல்லை. முந்தின குளிரிலேயே பிந்தி வந்ததற்காக உங்களுக்கு இரண்டு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வந்தால் வேலை போகும்.

நான் பாதை கேட்டு நகரசபைக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றல்ல, மூன்று, ஒன்றைவிட ஒன்று காரமாக. நீங்கள் உங்கள் பின்வளவில் தக்காளிக்கு ஊன்றியிருந்த தடிகளைப் பிடுங்கி, சேலைத் துண்டு கட்டி, மெட்ரோவில் கட்டாகக் கொண்டுவந்தீர்கள். பனி மூடினாலும் பள்ளத்தில் விழாமல் நடக்க வழி தெரியவேண்டும், அவ்வளவுதான் உங்கள் யோசனை. நிலம் இறுகுவதற்கு முன் இரண்டு பேருமாக ஊன்றினோம். வழியின் இரண்டு பக்கமுமாகப் பன்னிரண்டு சோடி.

முதல் பெரும் பனி விழுந்த காலை, முழங்கால் புதையும் என்று பயந்துகொண்டு இறங்கினோம். அங்கே அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல பனி வழித்த ஒரு பாதை கிடந்தது.

"உம்மட கடிதம் வேலை செய்திட்டுது தம்பி," என்றீர்கள். இல்லம் முழுக்கச் சொல்லித் திரிந்தீர்கள். நானும் ஒரு கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கோப்பை கழுவினேன்.

பிறகுதான் அதை வழித்த ட்ராக்டர்காரரைக் கண்டோம். இங்கே வீட்டுக்காரர் பனி வழிக்க ஆள் பிடித்தால், வாசலின் இரண்டு பக்கமும் அடையாளத் தடி ஊன்றுவார்கள். அவருடைய கொம்பனித் தடியும் சிவப்பு. புது வாடிக்கை என்று நினைத்து வழித்திருக்கிறார். பட்டியலை எடுத்துப் பார்த்தார், அப்படி ஒரு விலாசமே இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டது நினைவிருக்கிறது. பிறகு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"நாளைக்கும் வருவீங்களோ?"

அவர் பட்டியலைப் பார்த்தார், உங்கள் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். எப்படியும் இந்தப் பக்கம் வருகிறவன்தான், தடியை மட்டும் கொஞ்சம் உயரமாக ஊன்றுங்கள் என்றார். பங்குனி வரைக்கும் வழித்தார். மூன்றாவது எச்சரிக்கை வரவேயில்லை.

கோடையில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த வளவு விற்கப்பட்டது. உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு வேலி வந்தது, வரிசை வீடுகளின் வரைபடம் வந்தது. பாதை அதில் இல்லை.

இந்த முறை நான் கடிதம் எழுதவில்லை. நகரசபைக் கூட்டத்தின் கேள்வி நேரத்துக்குப் போனேன். அந்த வளவுக்குள்ளால் யார் நடக்கிறார்கள் என்று ஒரு உறுப்பினர் சிரித்துக்கொண்டு கேட்டார். எனக்குப் பின்னால் கதிரைகள் தரையில் இழுபட்டன. செயின்ட்-மிஷேலிலிருந்து நம் இல்லத்துக்கு வேலைக்கு வரும் ஹெய்ட்டிப் பெண்கள், இரண்டு தாதிமார், சமையற்காரர் என்று பதினொரு பேர் வேலை உடுப்போடு எழுந்து நின்றார்கள். உங்களுக்கு இரண்டு எச்சரிக்கை வந்த கதையை நான் சொன்னேன். அந்த அம்மா வந்திருக்கிறாரா என்று தலைவர் கேட்டார். செத்துப்போனார், இவர்கள் இன்னும் ஏழு மணிக்கு வேலைக்குப் போகவேண்டும் என்றேன். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

போன கிழமை திருத்திய வரைபடம் வந்தது. வளவுக்குக் குறுக்கே ஒரு நடைபாதை, அகலம் ஒன்றரை மீட்டர். நாம் முன்னும் பின்னுமாய் நடந்த இடத்தில் இனி இரண்டு பேர் கதைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் போகலாம்.

என் கோபம் குறையவில்லை அக்கா. குறைக்கிற எண்ணமும் இல்லை. ஆனால் அதைத் தனியே தூக்கிக்கொண்டு போவதை விட்டுவிட்டேன். தை மாதக் கூட்டத்தில் பஸ் நேரத்தைப் பற்றிக் கேட்கப்போகிறோம். இதுவரைக்கும் பதினான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.